கூரையின் யாப்பு

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் புயல் இந்நாட்டின்மேல் வந்து சென்றது. அதன் பின்னர் வீட்டைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சு முழுவதும் நீரையும் மண்ணையும் பற்றியதாயிற்று. அது நியாயமே. அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை அப்புயல் கொண்டது. பெரும்பாலும் வெள்ளத்தாலும் மலைச்சரிவாலுமே கொண்டது. ஆகவே எவ்விடத்தில் வீடு கட்டலாம், எவ்விடத்திற் கட்டலாகாது, ஆற்றங்கரைக்கும் சரிவுக்கும் எத்துணைத் தூரம் விடல் வேண்டும் என்னும் வினாக்கள் இன்று முன்னிற்கின்றன. கூரையைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலர். அவரும், தகரமா, ஓடா, அஸ்பெஸ்டஸா என்று கடைக்காரரிடம் விலை கேட்பது போலவே கேட்கின்றனர். கீழைக்கரையில் வாழ்வோர்க்கு இவ்வினா போதாது. போதாமையின் காரணத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டித்வாவைக் கொண்டு எல்லாப் புயல்களையும் அளத்தல் கூடாது. நீரால் அழிக்கும் புயலும் உண்டு. காற்றால் அழிக்கும் புயலும் உண்டு. 1964 டிசம்பரில் திருக்கோணமலைப் பகுதியைத் தாக்கி, கடல் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மீண்டும் திருக்கோணமலைப் பக்கமாகவே நுழைந்த புயலையும் அக்கரையார் மறந்திரார். 2020 டிசம்பரில் புரெவி வந்ததும் அவ்வழியே. இவை யாவற்றினும் கொடியது 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பின்மேல் ஏறிய சூறாவளி. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். முழுமையாகவும் பகுதியாகவும் பழுதுபட்ட கட்டடங்கள் இரண்டரை இலட்சத்தை அணுகின. தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது. ஏறத்தாழ 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. இக்கடைசி எண்ணை ஆசிரியராயுள்ளோர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

அழிவு நிகழ்ந்தபின் அறிஞர் வாளாவிருந்தாரல்லர். 1980ஆம் ஆண்டில், உள்ளூராட்சி வீடமைப்பு நிர்மாண அமைச்சு, கடுங்காற்றுக்குத் தாங்கும் கட்டடங்களை வகுக்கும் முறை பற்றி ஆங்கிலத்தில் ஒரு கைந்நூலை வெளியிட்டது. அது இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரையை அடக்கிய முதல் வலயத்திற் சாதாரணக் கட்டடங்கள் விநாடிக்கு 49 மீற்றர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். பேரிடரின் பின்னும் நின்று பயன்பட வேண்டிய கட்டடங்கள் 54 மீற்றர் வேகத்தைத் தாங்க வேண்டும். கொழும்பு உள்ளிட்ட மூன்றாம் வலயத்துச் சாதாரணக் கட்டடத்துக்கு 33 மீற்றரே போதும்.

49க்கும் 33க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதென்று மாணவர் மயங்குதல் கூடும். காற்றின் அமுக்கம் வேகத்தின் அளவாகப் பெருகுவதன்று. வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவது. வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். இக்கணக்கின்படி, மட்டக்களப்புக் கூரை தாங்க வேண்டிய விசை கொழும்புக் கூரை தாங்க வேண்டியதன் இருமடங்குக்கும் மேற்பட்டது. தலைநகரில் ஒரே வரைபடம் வரைந்து, ஒரே அளவு மரமும் ஒரே அளவு ஆணியும் விதித்து, நாடெங்கும் ஒரே மாதிரி வீட்டைக் கட்டுவித்தல் சமநீதி போலத் தோன்றும். காற்று அந்நீதியை அறியாது.

விநாடிக்கு 49 மீற்றர் என்பது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர். அவ்வேகத்தில் வரும் காற்று, தடுத்து நிற்கும் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 150 கிலோ நிறைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். இவ்விசை கூரையை அமுக்கி நொறுக்கும் என்றே பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. கூரையின்மேல் ஏறிக் கடக்கும் காற்று, முகட்டையும் ஓரங்களையும் தாண்டுமிடத்தில் விரைந்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது; ஆகாய விமானத்தின் இறக்கையை உயர்த்துவதும் இவ்வுறிஞ்சலே. மூலைகளிலும் முகட்டோரங்களிலும் இது பிற இடங்களினும் மிகும். காற்று வரும் பக்கத்துச் சாளரமோ கதவோ உடைந்துவிடின், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து கூரையைத் தள்ளும். மேலே ஒருவன் இழுக்க, கீழே ஒருவன் உந்த, நடுவில் நிற்கிறது கூரை. சூறாவளியின் நடுக்கண் கடந்து செல்லும் ஊரிற் காற்றுச் சிறிது நேரம் ஓய்ந்து, பின்னர் எதிர்த்திசையினின்று வீசத் தொடங்கும். ஆதலின், வீட்டின் பின்புறம் என்று அசட்டை செய்தற்குரிய பக்கம் ஒன்று அங்கே இல்லை.

இனி, அறுபது சதுர மீற்றர்க் கூரையுடைய ஓர் எளிய வீட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய விசை பரப்பெங்கும் உறிஞ்சலாக நின்றால், கூரையைத் தூக்கும் விசை ஒன்பதாயிரம் கிலோவாகும். அக்கூரை முழுதையும் மூடிய தகரத்தின் நிறை முந்நூறு கிலோ அளவே. கள்ளிக்கோட்டை ஓட்டால் மூடினாலும் மூவாயிரம் கிலோவை எட்டுதல் அரிது. எனவே, பாரமான பொருளைக் கொண்டு கூரையைக் காப்போம் என்னும் எண்ணம் இவ்விடத்தே முறிந்துவிடுகின்றது. மழைக்காலம் நெருங்கியதும் தகரத்தின்மேல் மணல்மூட்டையும் பழைய ரயரும் தூக்கி வைப்பாரைப் பார்க்கிறோம். எட்டடி நீளத் தகரம் ஒன்றை அக்காற்று முந்நூறு கிலோவால் தூக்கும். ஐம்பது கிலோ மூட்டையெனின் ஒவ்வொரு தகரத்துக்கும் ஆறு மூட்டை வேண்டும். அவற்றைச் சுமக்கும் மரமும் வேண்டும். மூட்டை உருண்டு விழுந்தால் அதுவே மற்றொரு கேடு.

பாரம் காக்கவில்லையெனின் எது காக்கும்? இவ்வினாவுக்கு விடையை நான் நூலிற் கற்பதற்கு முன்னர்க் கண்ணாற் கண்டேன். 1978இல் எனக்கு வயது எட்டு. சூறாவளியின் மறுநாட் காலையில் எங்கள் ஊர் வயலிலே ஒரு வீட்டின் தகரக்கூரை கிடந்தது. தகரம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. சலாகைகளோடு அறையப்பட்டபடியே, பாய் விரித்தாற்போலக் கிடந்தது. தகரத்தைச் சலாகையோடு பிணைத்த ஆணி விட்டுக்கொடுக்கவில்லை. சலாகையைக் கைமரத்தோடு பிணைத்த ஆணியே விட்டுக்கொடுத்தது. பல்லாண்டு கழித்து, முதிய ஓடாவி ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர், “ஐயா, கூரை பாரத்தால நிக்கிறயில்ல, கட்டாலதான் நிக்கிறது” என்றார். பொறியியலாளர் பல பக்கங்களில் எழுதுவது இவ்வளவே.

நம் மாணவர்க்கு இது புதிய கருத்தன்று. யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பதே பொருள் என்று யாப்பிலக்கணத்தின் முதல் வகுப்பிலேயே கூறுகின்றோம். சீரைச் சீரோடு கட்டுவது தளை. ஒரு வெண்பாவில் எல்லாச் சீரும் பொன்னான சொல்லாக இருக்கலாம். ஓரிடத்தில் தளை பிழைத்தால் அது வெண்பாவாகாது. கூரையிலும் இவ்வாறே. தகடு சலாகையோடும், சலாகை கைமரத்தோடும், கைமரம் சுவரின்மேற் கிடக்கும் வளையோடும், வளை சுவரைச் சுற்றி ஓடும் கொங்கிறீற்று வளையத்தோடும், அவ்வளையம் கம்பியால் அத்திவாரத்தோடும் கட்டுண்டிருத்தல் வேண்டும். இவ்வைந்து கட்டில் எது மெலிந்ததோ அதுவே கூரையின் வலிமை. விலையுயர்ந்த தகரத்தை வாங்கி, நீண்ட திருகாணியால் முடுக்கி, கைமரத்தை மட்டும் சுவரின்மேற் சும்மா கிடக்க விட்டவன், முன்பு தகரம் தகரமாகப் பறந்த கூரையை ஒருங்கே பறக்க வசதி செய்தவனாவான்.

இக்கட்டின் அருமையைப் பெருஞ்செலவில் உணர்ந்த நகரம் அவுஸ்திரேலியாவின் டார்வின். 1974ஆம் ஆண்டு நத்தார் இரவில் திரேசி என்னும் சூறாவளி அந்நகரத்தைத் தாக்கியது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீற்றரைக் காட்டிய பின்னர் அதுவும் உடைந்தது. அறுபத்தாறு பேர் இறந்தனர். வீடுகளில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது அல்லது வாழத் தகாததாயிற்று. ஏறத்தாழ நாற்பத்தேழாயிரம் மக்களுள் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை வேற்றூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அது குடிசைகள் நிறைந்த ஏழை ஊரன்று. செல்வ நாடொன்றின் அரச வீடுகள் நிறைந்த ஊர். தகரமும் தரமான தகரம். அழிவின் காரணத்தை ஆராய்ந்த பொறியியலாளர் ஜோர்ஜ் உவோக்கர் முதலானோர் கண்டது வியப்புக்குரியது. அத்தகடுகளை அதற்கு முன் சோதித்தபோது, ஒரே சீராக ஏற்றிய பாரத்தை அவை தாங்கின. புயற்காற்றோ ஒரே சீராக இழுப்பதன்று. வலுத்தும் தளர்ந்தும், வலுத்தும் தளர்ந்தும், பல மணிநேரம் அசைப்பது. ஒவ்வோர் அசைவிலும் ஆணித்தலையைச் சுற்றியுள்ள தகடு சிறிது வளைந்து நிமிர்ந்தது. சிறுவர் கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்து முறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே ஆணியைச் சுற்றி வெடிப்பு உண்டாகி, ஈற்றில் ஆணி மரத்திலேயே நிற்க, தகடு அதன் தலைமேலாகக் கழன்று பறந்தது. கூரை போனபின், அக்கூரையாற் பிணிக்கப்பட்டிருந்த சுவர்களும் நிலைகுலைந்தன.

இவ்வாராய்ச்சியின் பயனாக 1977இல் தவுன்ஸ்வில் நகரத்து ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்திற் சூறாவளிச் சோதனை நிலையம் ஒன்று தோன்றியது. அங்கே கூரைத் தகட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து விடுவதில்லை. ஆயிரக்கணக்கான முறை இழுத்தும் விட்டும் பார்க்கின்றனர். ஆணித்தலையின்கீழ் அகன்ற வட்டத்தகடு இடுதல், ஆணிகளை நெருக்கி அறைதல் முதலிய முறைகள் இதனால் உறுதிப்பட்டன. டார்வின் மக்கள் தகரத்தைக் கைவிட்டாரல்லர். இன்றும் அந்நகரிற் பெருந்தொகையான கூரைகள் தகடே. பொருளை மாற்றவில்லை, கட்டை மாற்றினார்கள். நம்மவர் கற்கவேண்டியது இது.

ஆயினும் பொருளைப் பற்றி ஒன்றுமே சொல்லாமற் போவது கேட்பார்க்கு ஏமாற்றமாகும். ஒவ்வொன்றுக்கும் என் கருத்தைக் கூறுகிறேன்.

கிடுகையும் பனையோலையையும் வைக்கோலையும் இகழ்வார் கூற்றை நான் முழுதும் ஏற்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையைக் கற்பிக்கும்போது, எயினர் குடிசைக்கு ஈந்திலையும் ஏனையோர் குடிலுக்கு வைக்கோலும் கூரையாயினமையை மாணவர்க்கு எடுத்துக் காட்டுகின்றோம். அவ்வந்நிலத்தில் விளைந்ததே அவ்வந்நிலத்தின் கூரை. நம் கரையில் தென்னையும் பனையும் விளைந்தன, அவையே கூரையாயின. அக்கூரை செங்குத்தாகச் சரிந்து, தாவாரம் தாழ்ந்து, குனிந்து நுழையும்படி இருந்தது. நிலத்தை அணுக அணுகக் காற்றின் வேகம் குறையும் என்னும் நியதியை அவர்கள் எழுதி வைக்கவில்லை; குனிந்து நடந்தார்கள். ஆணி இன்றிக் கயிற்றாற் கட்டிய கூரை அது. பறந்தாலும் எவர் தலையையும் வெட்டுவதன்று. சில நாளில் மீண்டும் வேயலாம். மீனவர் பழைய வலையைக் கூரைமேல் விரித்து, மூலைகளை முளையிற் கட்டி வைப்பதையும் கரையோரத்தில் கண்டிருக்கின்றேன். அது மூட்டையினும் மேலான அறிவு. இவ்வளவு சொல்லியும், கிடுகு வீட்டிற் புயலைக் கழிக்கும்படி எவரையும் கேட்க மாட்டேன். அது பறக்கும், தீப்பற்றும், ஆண்டுக்கு ஆண்டு வேய வேண்டும். 1978இல் தென்னை வீழ்ந்தபோது கிடுகும் இல்லாமற் போயிற்று என்பதையும் நினைத்தல் வேண்டும். கூரையை அழித்த காற்றே அடுத்த கூரைக்கான ஓலையையும் அழித்தது.

ஓடு அழகிது, குளிர்ச்சியானது, உப்புக்காற்றுக்கு அஞ்சாதது. புயலில் அதன் குணம் இரண்டுபட்டது. சில ஓடு பெயர்ந்தால் உள்ளமுக்கம் அவ்வழியே வெளியேறிக் கூரைமரம் தப்புதலும் உண்டு. ஆனால் பெயர்ந்த ஓடு கவண்கல்லாகிறது. தாவாரத்தின் ஓரத்திலும் முகட்டிலும் உள்ள ஓடுகளைக் கம்பியாற் சலாகையோடு கட்டி, முகட்டோட்டைச் சாந்தில் அமர்த்துதல் இன்றியமையாதது. ஓட்டின் பின்புறத்து முனையில் துளையிருத்தலைப் பலர் கண்டிருப்பர், அது கட்டுவதற்கே. கட்டுவார் அரியர்.

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் தகட்டைப் பற்றி எனக்கு ஐயமில்லை, அது வேண்டாம். மலிவு என்பதும் தகரத்தினும் வெப்பம் குறைவு என்பதும் மெய். ஆயின், அது வளையாதது. அடி பட்டால் நொறுங்குவது. பறந்து வரும் ஒரு மரக்கொம்பு போதும். நொறுங்கிய துகளிலுள்ள நுண்ணார் நெஞ்சுட் சென்று புற்றுநோயை உண்டாக்கும் என்பதும், கல்நாரின் எல்லா வகைக்கும் இது பொருந்தும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. புயலுக்குப் பின் இத்தூளை வெறுங்கையால் அள்ளுவோர் வீட்டுக்காரரும் அவர்தம் பிள்ளைகளுமே. 2018 தொடக்கத்தில் இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு ஒன்று கண்டதாகக் கூறி ருஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. சில நாளில் இலங்கை தன் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. தேயிலை மீண்டும் சென்றது. ஒரு வண்டு நம் கூரையைத் தீர்மானித்த வரலாறு இது.

எஞ்சியவை தகரமும் கொங்கிறீற்றும். கொங்கிறீற்றுத் தட்டு பறவாது. ஒரு சதுர மீற்றர் முந்நூறு கிலோ அளவு நிறையுள்ளது. ஆனால் வெப்பம் மிகுதி, செலவு மிகுதி, கடலோரத்திற் சாந்து மெல்லியதாயின் உள்ளிருக்கும் கம்பி துருவேறி வெடிக்கும். வீடு முழுவதற்கும் அது எல்லார்க்கும் இயலாது. இயல்வது ஒன்று உண்டு: ஓர் அறைக்கு மட்டும் கொங்கிறீற்றுத் தட்டு இடுதல். குளியலறையாயினும் பண்டசாலையாயினும் ஆகுக. புயலிரவில் அக்குடும்பம் நின்று உயிர் பிழைக்கும் இடம் அது. மற்றைப் பகுதிகளை நன்கு கட்டிய தகட்டாலோ ஓட்டாலோ மூடலாம். கூரை பறந்தாலும் ஆள் பறவாது.

தகட்டை வாங்குவோர் நிறத்தைப் பார்க்கின்றனர், கனத்தைக் கேட்பதில்லை. மெல்லிய தகடு ஆணித்தலையிற் கிழியும். கனம் மிக்க தகட்டை, நெருங்கிய சலாகைகளின்மேல், அகன்ற வட்டத்தகடுள்ள திருகாணியால், ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் பிணைத்தல் வேண்டும். நடுவே சிறிது விலக்கலாம். வழுவழுப்பான ஆணியை நேரே அறைந்து நேரே இழுத்தால் அது வெண்ணெயிலிருந்து வருவது போல வந்துவிடும். அறைந்த மரம் பச்சைமரமாயிருந்து பின் காய்ந்ததாயின் இன்னும் எளிதாக வரும். கைமரத்தை வளையோடு ஆணியால் மட்டும் சேர்க்காமல், இரும்புப் பட்டியாற் சுற்றிக் கட்டி, பட்டியின் பக்கங்களில் ஆணி அறைய வேண்டும். அப்போது காற்று ஆணியை நீளவாட்டத்தில் உருவ மாட்டாது. குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். அது கடினம்.

கூரையின் உருவும் பேசப்பட வேண்டியது. நான்கு புறமும் சரியும் கூரை, இரு புறம் மட்டும் சரிந்து மற்றையிரு புறத்திலும் முக்கோணச் சுவர் எழும் கூரையினும் காற்றை எளிதாகத் தாங்கும். அம்முக்கோணச் சுவரே முதலில் விழுவது. சரிவு முப்பது பாகை அளவில் இருத்தல் நன்று; தட்டையான கூரையிலேயே உறிஞ்சல் மிகுதி. அகன்று நீண்ட தாவாரம் மழைக்கு நல்லது, காற்றுக்குக் கைப்பிடி. விறாந்தைக் கூரையைப் பெருங்கூரையின் தொடர்ச்சியாக இறக்காமல் தனியே கட்டினால், அது போகும்போது பெருங்கூரையை உடன் அழைத்துச் செல்லாது.

இவை ஒன்றும் மறைபொருளல்ல. அவ்வாறாயின் ஏன் நிகழவில்லை? என் கருத்து இது. உதவி வழங்குவோரின் பட்டியல் எண்ணத்தக்க பொருளையே எண்ணுகிறது. இத்தனை தகரம், இத்தனை மூட்டை சீமெந்து என்று எழுதுவது எளிது; ஒளிப்படம் எடுப்பதும் எளிது. இரும்புப் பட்டியும் வட்டத்தகடும் ஒளிப்படத்தில் தோன்றமாட்டா. பல ஆண்டுகளாக நிவாரணப் பட்டியல்கள் பலவற்றைக் கண்டிருக்கின்றேன்; தகரத்தின் தொகை இல்லாத பட்டியலையும் கண்டதில்லை, பட்டியின் தொகை உள்ள பட்டியலையும் கண்டதில்லை. முழுக்கூரையின் செலவோடு ஒப்பிட்டால் பட்டியும் ஆணியும் சிறு பங்கே. அச்சிறு பங்கைச் சேமிப்பதற்காகப் பெரும் பங்கைக் காற்றுக்கு விடுகின்றோம். டித்வாவின் பின் எழும் வீடுகளும் இவ்வாறே எழுமாயின், அடுத்த வெள்ளத்துக்குத் தப்பிய வீடு அடுத்த சூறாவளிக்குத் தப்பாது. உதவிப் பணத்தின் ஈற்றுத் தவணையைக் கொடுக்குமுன், வருகிற அலுவலர் ஏணி வைத்து ஏறிப் பட்டியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு விதி செய்தால், ஆயிரம் துண்டுப்பிரசுரம் செய்யாததை அது செய்யும்.

பாடசாலைகளுக்கு வருகிறேன். புயலோ வெள்ளமோ வரும்போது நம் மக்கள் ஓடுவது கோயிலுக்கும் பள்ளிக்கும். நிவாரண முகாம் என்றால் அது பெரும்பாலும் ஒரு வகுப்பறையே. எனவே பாடசாலை, 1980ஆம் ஆண்டின் கைந்நூல் கூறும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது, அதாவது பேரிடரின் பின்னும் நின்று பயன்பட வேண்டியது. அதன் கூரை 54 மீற்றர் வேகத்துக்கு ஏற்ப அமைதல் வேண்டும். 49ஐ விட ஐந்து மீற்றரே மிகுதி. வர்க்கக் கணக்கில் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. நீண்ட மண்டபம், இருபுறமும் திறந்த அரைச்சுவர், அகன்ற தாவாரம் என்று நாம் கட்டிவரும் வகுப்பறையில், காற்று உட்புகுந்து மேலே தள்ளுதற்கு எல்லா வசதியும் உண்டு. அதனைப் புகலிடமாகக் கொள்வோமாயின், ஒரு தொகுதியேனும் அடைத்த சுவரும் கொங்கிறீற்றுத் தட்டும் உடையதாயிருத்தல் வேண்டும். கட்டட நிதி வரும்போது இதனைக் கேட்டு எழுத வேண்டியவர் அதிபர். கேட்க அவர்க்கு உரிமை உண்டு.

தமிழாசிரியராகிய நமக்கு மற்றொரு கடனும் உண்டு. அக்கைந்நூல் பொறியியலாளர்க்காகக் குறியீடும் வாய்பாடுமாக எழுதப்பட்டது, அது பிழையன்று. ஆனால் கூரை போடுபவர் ஓடாவியும் மேசனும். நான் பழகிய ஓடாவிமார் எவர் கையிலும் அதனைக் கண்டிலேன். அவர்கள் மொழியில், அவர்கள் சொல்லால், படத்தோடு எழுதிய இருபது பக்கச் சிறு நூல் வேண்டும். அதனை எழுதும்போது நம்மவர்க்கு வழக்கமான ஒரு நோய் தலைகாட்டும். வளை, கைமரம், சலாகை, தாவாரம், முகடு என்னும் சொற்கள் உயிரோடு வழங்க, அகராதியைப் புரட்டிப் புதுச்சொல் ஆக்கும் நோய் அது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்திலிருந்தே இவ்வழக்கு உண்டு. தொழிலாளி போல்ட் என்றும் நட்டு என்றும் வாசர் என்றும் கூறுவானாயின் நூலிலும் அவ்வாறே எழுதுக. விளங்காத தூய தமிழில் எழுதிய ஆணி எந்தத் தகரத்தையும் பிடித்து நில்லாது. ஊருக்கு ஊர் சொல் வேறுபடுதலும் உண்டு. மட்டக்களப்பில் ஒன்றைக் குறிக்கும் சொல் யாழ்ப்பாணத்தில் மற்றொன்றைக் குறிக்கலாம். உயர்வகுப்பு மாணவர் தத்தம் ஊர் ஓடாவிமாரிடம் சென்று இச்சொற்களைத் தொகுப்பாராயின் அது நல்லதொரு மொழிப்பணியாகும்; கூரைப்பணியும் ஆகும்.

கடைசியாகக் காலம் பற்றி ஒன்று. நம் கரையைத் தாக்கிய பெரும்புயல்களிற் பல நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை. கடலோரத்து வீட்டில் உப்பு ஆணியைத் தின்னும். பெரும்பாலும் தகரத்துக்கு முன் ஆணியே சாகும். ஆகவே ஆவணி புரட்டாதி மாதங்களில், மழை தொடங்குமுன், ஏணி வைத்து ஏறி, முகட்டோரத்து ஆணிகளையும் நான்கு மூலைகளின் ஆணிகளையும் விரலால் அசைத்துப் பார்க்கவேண்டும். அசையும் ஆணியை மீண்டும் அதே துளையில் அறைதல் பயனில்லை. பழைய துளையை அடைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் மரம் கெட்டியாயுள்ள இடத்திற் புதிய திருகாணியை முடுக்குக.